வீட்டு வண்டியும் சைக்கிள் தாங்கியும்

மனிதன் தன் வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு உல்லாசப் பிரயாணம் புறப்பட்ட நாள் முதலாகவே சைக்கிள் அவனுக்குத் துணையாக இருந்துவந்திருக்கிறது. இங்கிலாந்தின் கடற்படையில் வைத்தியராக இருந்து, பின்னர் சிறுவர்களுக்கான நூல்களை எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885-ஆம் ஆண்டில், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்ற பெயருடைய வீட்டு வண்டியைச் செய்வித்து, அதில் இரண்டு குதிரைகளைப் பூட்டி ஸ்காட்லாந்து வரையில் பிரயாணம் செய்தபோது, அவருடைய ஏவலாள் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் முன்னே சென்று, எதிரில் வருவோரை எச்சரித்துக்கொண்டே போனான். சைக்கிளில் சென்று கூடாரமடித்துத் தங்குகிறவர்களுக்கென்று 1901-இல் அதே நாட்டில் தொடங்கப்பட்ட சிறு சங்கந்தான், காலக்கிரமத்தில் வளர்ந்து, கூடாரவாசிகளுக்கும் வீட்டு வண்டிக்காரர்களுக்கும் பொதுவான பெருஞ்சங்கமாக இன்று விளங்குகிறது.

நம் நாட்டில் கேரவன் என்றவுடன் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் இளைப்பாறும் பெரிய மோட்டார் வண்டிதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலோ, சொந்தமாக இயந்திரம் ஏதுமின்றி, காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படுகிற, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அடங்கிய சிறு வீட்டையே பெரும்பாலும் அப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். கோடை விடுமுறை பிறந்துவிட்டால், ஹாலந்து, ஜெர்மனி, பிரிட்டன் முதலிய தேசங்களிலிருந்து இவ்வண்டிகள் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகியவற்றின் கடற்கரைகளை நாடிச் சாரிசாரியாகப் புறப்படுகின்றன. முகாமிட்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்ட பிறகு ரொட்டிக் கடைக்கும் கடற்கரைக்கும் போய்வரச் சைக்கிளைக் காட்டிலும் சௌகரியமான வாகனம் வேறில்லை. அதிலும், ஜனத்தொகையைவிடச் சைக்கிள்களின் தொகை அதிகமாயுள்ள ஹாலந்து தேசத்தாருக்குச் சைக்கிள் இல்லாத விடுமுறை விடுமுறையாகவே தோன்றுவதில்லை. ஆகவே வண்டியின் வெளிப்புறத்தில் சைக்கிள்களை ஏற்றிக் கட்டுவதற்கென்று ஒரு தாங்கி அவசியமாயிற்று. இத்தாலியில் 1945 முதல் இயங்கிவரும் ஃபியாமா நிறுவனமும், 1942-இல் மீன்பிடிக்கும் பொறி செய்வதில் தொடங்கி, பிறகு வாகனங்களின் மேல் சாமான் ஏற்றும் சாதனங்களுக்குத் திரும்பிய ஸ்வீடன் நாட்டுத் தூலே நிறுவனமும் இத்தகைய தாங்கிகளைச் செய்வதில் பேர்பெற்றவை.

இந்தத் தாங்கி பார்வைக்கு மிகவும் எளிய வஸ்து. நாலைந்து அலுமினியக் குழாய்கள், சக்கரங்கள் உட்காருவதற்கு இரண்டு மூன்று தகட்டுத் தண்டவாளங்கள், சைக்கிளின் உடலைப் பற்றிக்கொள்ளும் கைப்பிடிகள், சில வார்கள், இவற்றை வண்டியோடு பிணைக்கும் சில போல்ட்டுகள் என்பவற்றைத் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. இவ்வளவு எளிமையாக இருப்பதனாலேயே, ஒருமுறை மாட்டிவிட்டால் ஆயுள் முழுவதும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று உரிமையாளர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், தாங்கியின் குழாய் முறிந்து கேடு விளைவது அபூர்வம். தாங்கி வண்டியைத் தொடுகிற இடங்களில், அதாவது போல்ட்டு சுவரைத் துளைத்துச் செல்லும் துவாரத்திலும், இரும்பும் அலுமினியமும் சந்திக்கும் மூட்டிலும், ரிவெட் அடித்த பொருத்திலும், யாருடைய கண்ணிலும் படாமல் மெல்ல மெல்லத் தொடங்குகிற சீர்கேடுதான் பின்னர் பெரும் நஷ்டமாக முடிகிறது. ஆகவே தாங்கியைப் பேணுவது என்பது அதன் பிணைப்புகளைப் பேணுவதே என்று நாம் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

தாங்கியை மாட்டுவதற்கு வண்டியில் இரண்டு ஸ்தானங்கள் உண்டு. ஒன்று, வண்டியின் பின்சுவர். மற்றொன்று, முன்புறத்தில் காரை நோக்கி முக்கோணமாக நீண்டிருக்கும் எஃகுச் சட்டம். இவ்விரண்டில் எது உசிதம் என்பதை மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர்களிடம் கேட்டால் உடனே விடை சொல்லியிருப்பார்கள். மூட்டைகளை அச்சுக்குப் பின்னால் அதிகமாக அடுக்கினால் பின்பாரம் மிகுந்து நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும் என்பதும், முன்பாரம் மிகுந்தால் மாடு திணறும் என்பதும் அவர்கள் நன்கு அறிந்த விஷயங்கள். கேரவனுக்கும் இதே நியாயந்தான். அச்சிலிருந்து கொக்கி 4 மீட்டர் முன்னாலும், தாங்கி 3 மீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், பின்சுவரில் ஏற்றும் 60 கிலோ, கொக்கியின் மேல் உள்ள பாரத்தில் 45 கிலோவைக் குறைத்துவிடும். பிரிட்டனில், சாமான்களோடு கூடிய வண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை கொக்கியின் மேல் அழுந்தவேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். 1,400 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது 70 கிலோவிலிருந்து 98 கிலோ வரை ஆகிறது. முன்பாரம் இதற்குக் குறைந்துபோனால், வேகமாகச் செல்லும்போது வண்டி பாம்பைப்போல் இடமும் வலமும் நெளியத் தொடங்கி, சில சமயம் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். மாறாக, தாங்கியை முன்சட்டத்தில் மாட்டினால் அதன் பாரத்தில் பெரும்பகுதி கொக்கியின் மேல் இறங்குமாதலால், காரும் கொக்கியும் தாங்கக்கூடிய உச்சவரம்பை அது மீறாமல் இருக்கிறதா என்று நிறுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்; அந்த உச்சவரம்பு பல கார்களில் 75 முதல் 100 கிலோவுக்குள்தான் அமைந்திருக்கிறது.

பாரத்தைப் பற்றிய இந்தக் கணக்கு, மின்சார சைக்கிள்கள் பரவிய பிறகு முன்னைக்காட்டிலும் முக்கியமாகிவிட்டது. சாதாரண சைக்கிள் சுமார் 12 முதல் 16 கிலோ எடை இருக்க, பாட்டரியும் மோட்டாரும் கொண்ட சைக்கிள் 20 முதல் 27 கிலோ வரை எடையுள்ளதாகிறது. முன்பு நான்கு சைக்கிள்களைச் சுமந்த தாங்கி இன்று இரண்டுக்கே போதுமானதாகிவிட்டதை உணராமல், இடம் இருக்கிறதே என்று மூன்றாவது சைக்கிளையும் ஏற்றிவிடுவதனால் விளையும் சேதங்கள் பல. தாங்கி சுமக்கக்கூடிய எடையை அதைச் செய்தவர்கள் அதன்மேலேயே ஒட்டியிருப்பார்கள். 50 அல்லது 60 கிலோ என்பது பல தாங்கிகளுக்கு உச்சவரம்பு. அதையும், வண்டி முழுவதும் சுமக்கலாகும் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டாலே ஒவ்வொரு சைக்கிளிலும் 2 முதல் 4 கிலோ குறையும். மழைநீரிலிருந்து பாட்டரிக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். ஏற்றுகிறவற்றுள் கனமான சைக்கிளைச் சுவரை ஒட்டியும், இலேசானதை வெளிப்புறத்திலும் நிறுத்துவது முறை. ஏனெனில் பாரம் சுவரைவிட்டு எவ்வளவு தூரம் விலகுகிறதோ, அந்த அளவுக்கு மேற்புறத்துப் போல்ட்டுகளைப் பிடுங்கி எடுக்கும் விசையும் அதிகரிக்கும். பாதையின் பள்ளம் மேடுகளில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை, வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இருப்பதைவிடப் பன்மடங்காகிறது.

இனி, பின்சுவரில் மாட்டிய தாங்கியின் முதற்பெரும் விரோதியாகிய நீரைப் பற்றிப் பார்ப்போம். கேரவனின் சுவர் வெளியிலிருந்து பார்ப்பதற்கு உறுதியான உலோகமாகத் தோன்றினாலும், பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டர் கனங்கூட இல்லாத அலுமினியத் தகடு, அதற்குப் பின்னால் தெர்மாகோல், இடையிடையே மரச்சட்டங்கள், உட்புறத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பிளைவுட் என்று பல அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகையேயாகும். தாங்கியின் போல்ட்டுகள் இந்த அடுக்குகள் அனைத்தையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய், பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும் ஒரு தகட்டின் மேல் நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. துவாரத்தைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை வருஷக்கணக்கான வெயிலாலும் குளிராலும் அசைவாலும் உலர்ந்து வெடித்துவிடுமானால், மழைநீர் போல்ட்டின் வழியே ஊர்ந்து மரச்சட்டத்தை அடைகிறது. உட்புறத்துப் பிளைவுட்டின் மேல் அலங்காரத்தாள் ஒட்டியிருப்பதனால், மரம் முழுவதும் இற்றுப்போகும் வரையில் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரிவதில்லை. தாங்கியைப் பிடித்து அசைக்கும்போது சுவரும் சேர்ந்து அசைந்தால், உட்சுவரில் மங்கிய கறையோ பூஞ்சை வாசனையோ தென்பட்டால், விரலால் அழுத்துமிடம் மெத்தென்று அமுங்கினால், நீர் உள்ளே குடியேறிவிட்டது என்று சந்தேகமின்றி முடிவு செய்யலாம்.

இந்நிலைக்கு வருமுன்பே தெரிந்துகொள்வதற்கு ஈரமானி என்ற சிறு கருவி உதவுகிறது. அதன் முனைகளை உட்சுவரில், போல்ட்டுகளின் அருகில் வைத்துப் பார்த்தால், ஈரத்தின் அளவைச் சதவீதமாகக் காட்டும். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. 20-ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டும். 30-ஐயும் தாண்டிவிட்டால் மரம் பழுதுபட்டிருக்கும் என்று எண்ணி, சுவரைத் திறந்து பார்ப்பதே விவேகம். வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவைப்பவர்கள், எண் ஏறுவதைக் கண்டவுடனேயே சிறு செலவில் காரியத்தை முடித்துக்கொள்ள முடியும்.

பழைய பசையை மாற்றும் வேலை கடினமானதன்று. ஆனால் பொறுமையைக் கோருவது. தாங்கியைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றிவிட வேண்டும். மேலோடு புதுப்பசையைத் தடவி மறைப்பது, உள்ளே புகுந்த நீரை வெளியே போகவிடாமல் அடைத்துவைப்பதாகவே முடியும். பழைய பசையை இரும்பு உளியால் சுரண்டினால் தகட்டில் கீறல் விழுமாதலால், பிளாஸ்டிக் சுரண்டியைக் கொண்டே நீக்கி, எஞ்சிய பிசுக்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். துவாரத்துக்குள் கண்ட திரவத்தையும் ஊற்றலாகாது. வீரியம் மிகுந்த சில கரைப்பான்கள் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். பின்பு, நன்றாகக் காற்றாட விட்டு, ஈரமானி திருப்தியான எண்ணைக் காட்டும்வரையில் காத்திருப்பது அவசியம். மரம் இற்றிருந்தால், இற்ற பகுதியை வெட்டி எடுத்துப் புது மரம் பதித்தாலன்றிப் போல்ட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது.

அடைப்புப் பசைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. பியூட்டைல் பசை ஒருபோதும் முற்றும் இறுகாமல், வண்டியின் அசைவுக்கு ஏற்ப நெகிழ்ந்துகொடுக்கும். பின்னொரு நாள் தாங்கியைக் கழற்றவும் இடங்கொடுக்கும். பாலியூரிதேன் பசையோ காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று, நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம் இறுகி, ஒட்டியதை விடாமல் பற்றிக்கொள்ளும். ஆகையால் அதைக் கழற்ற உத்தேசமில்லாத இடங்களில் உபயோகிப்பது நல்லது. குளியலறைகளுக்கான சிலிக்கோன் பசையை இங்கே பூசுவது பெரும் பிழை. அதன் பிசுக்கு படிந்த இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது என்பதோடு, அதன் சில வகைகள் வெளியிடும் அமிலம் உலோகத்தையும் அரிக்கும். பசை தடவியபின் நட்டுகளை ஒரே மூச்சில் முழுவதும் இறுக்காமல், முதலில் மிதமாகவும், பசை ஒழுங்காகப் பரவியபின் மறுமுறையும் இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் தெர்மாகோல் நசுங்கி, சுவரில் சிறு பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும்; இதைத் தவிர்ப்பதற்காகத் துவாரத்துக்குள் ஒரு சிறு குழாயைச் செருகி, அதனூடே போல்ட்டைச் செலுத்துவது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். இறுக்கத்தின் பாரத்தைச் சுவர் ஏற்காமல் அந்தக் குழாயே ஏற்றுக்கொள்ளும்.

நீரினால் விளையும் மற்றொரு தீங்கு உலோக அரிமானம். அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின் இடையே கடற்கரையின் உப்பு நீரோ, குளிர்காலத்தில் பனியைக் கரைக்கப் பாதைகளில் தூவும் உப்போ படியுமானால், அங்கே சூக்ஷ்மமான மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்குகிறது. போல்ட்டின் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதும், பூச்சு கொப்புளித்திருப்பதும் இதற்கு அடையாளங்கள். இரண்டு உலோகங்களும் நேராகத் தொடாதபடி இடையில் நைலான் வாஷர் வைத்து, அரிமானத்தைத் தடுக்கும் பசையைப் பூசுவதும், கடற்கரைப் பிரயாணம் முடிந்தவுடன் நல்ல தண்ணீரால் தாங்கியைக் கழுவிவிடுவதும் போதுமான பரிகாரங்கள். பீய்ச்சியடிக்கும் யந்திரத்தைப் போல்ட்டுத் துவாரங்களுக்கு நேரே பிடிக்கலாகாது. பசையைக் கிழித்துக்கொண்டு நீர் உட்புக அதுவே வழிசெய்துவிடும்.

நட்டுகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். அதிர்வினால் தளராமல் இருப்பதற்காக நைலான் வளையம் பதித்த நட்டுகளையே தாங்கிகளில் உபயோகிக்கிறார்கள். கழற்றி மாட்டும்போதெல்லாம் அவ்வளையத்தின் பிடி குறைந்துபோவதால், கழற்றிய நட்டுக்குப் பதிலாகப் புது நட்டைப் போடுவதே முறை. துருப்பிடிக்காத எஃகிலான மரைகளை மின்சார முறுக்கியால் வேகமாகச் சுழற்றினால், அவை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிடும். ஆதலின் மரையில் சிறிது மசகு தடவி, ஸ்பேனரால் கையாலேயே நிதானமாக இறுக்க வேண்டும். பற்றிக்கொண்ட நட்டைக் கழற்றும்போதும், வெளியிலுள்ள போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்புறத்து நட்டை மட்டும் திருப்புவது நல்லது. போல்ட்டைச் சுழற்றினால் துவாரம் பெரிதாகிவிடும்.

குழாய்களையும் தண்டவாளங்களையும் பரீட்சிக்கும்போது, முதலில் அழுக்கு நீங்கக் கழுவித் துடைத்துவிட்டு, வெல்டிங் செய்த மூட்டுகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரிவெட்டின் தலையிலிருந்து கருஞ்சாம்பல் நிறக் கோடு கசிந்திருந்தால், அந்த ரிவெட் தளர்ந்து உள்ளுக்குள் உராய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் துளையிட்டு எடுத்து, அதே கனமுள்ள புது ரிவெட்டை அடிக்கலாம். ஆனால் வளைந்த அலுமினியக் குழாயைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும், வெடித்த குழாயைத் தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துக்கொள்வதும் ஆபத்தான சிக்கனங்கள். இத்தாங்கிகளில் பயன்படும் அலுமினியக் கலவைக்கு அதன் உறுதி, தொழிற்சாலையில் கணக்கிட்டுச் செய்யப்பட்ட சூட்டுப் பக்குவத்தினால் வந்தது. பற்றவைக்கும் சூடு அந்தப் பக்குவத்தைக் கலைத்துவிடுகிறபடியால், ஒட்டு கெட்டியாகத் தோன்றினாலும் அதன் பக்கத்திலுள்ள உலோகம் பலமிழந்து நிற்கும். பேர்பெற்ற நிறுவனங்கள் குழாய், கைப்பிடி, தண்டவாளம், முனைமூடி ஆகியவற்றைத் தனித்தனியே விற்பனை செய்கின்றன; பழுதான உறுப்பை மட்டும் வாங்கி மாற்றுவதே முறையான சிகிச்சை.

பிளாஸ்டிக் உறுப்புகளுக்கும் வார்களுக்கும் சூரியனே யமன். பற்றுக் கைப்பிடியின் திருகு வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டிக்கொள்ளுமானால், அல்லது வாரின் ஓரங்கள் பிசிறு கிளம்பி விறைத்துப்போயிருந்தால், அடுத்த பிரயாணத்துக்கு முன்பே அவற்றை மாற்றிவிட வேண்டும். மொத்தச் சாதனத்தில் மிகவும் மலிவான இந்த உறுப்புகளின் பிடியில்தான் விலையுயர்ந்த சைக்கிள்கள் நிற்கின்றன. கார்பன் இழையாலான சைக்கிளாக இருந்தால், கைப்பிடி அதன் சட்டத்தை நசுக்காதபடி பிரத்தியேகமான பற்றுச் சாதனத்தை உபயோகிப்பது அவசியம்.

முன்சட்டத்தில் மாட்டும் தாங்கிக்குச் சுவரைத் துளைக்க வேண்டிய தொல்லை இல்லை. அதைக் கவ்விகளால் சட்டத்தோடு பிணைத்துவிடலாம். எனினும், துத்தநாகம் பூசிய அந்த எஃகுச் சட்டத்தில் துளையிடுவதையும் பற்றவைப்பதையும் அதைச் செய்தவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை மறவாமல், கவ்வி பொருந்தவில்லையே என்று துளையிடும் யந்திரத்தைக் கையில் எடுக்கலாகாது. கவ்வி அழுந்தும் இடத்தில் துத்தநாகப் பூச்சு தேய்ந்திருந்தால் துத்தநாக வர்ணம் பூச வேண்டும். கார் கூர்மையாகத் திரும்பும்போது சைக்கிளின் கைப்பிடி காரின் பின்கண்ணாடியில் இடிக்கிறதா, கைப்பிரேக்கின் நெம்புகோலும், காஸ் உருளைப் பெட்டியின் கதவும் தடையின்றி இயங்குகின்றனவா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

இவ்வளவும் செய்தபின், பாதையில் செல்லுகையில் அனுசரிக்க வேண்டியவை சில உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு வேகத்தைக் கூட்டினால், தாங்கியின் மேல் காற்றின் தாக்குதல் ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகிறது. ஜெர்மனியில் இழுவண்டிகளுக்குப் பொதுவான வேக வரம்பு 80 கிலோமீட்டர் என்பதும், தனி அனுமதி பெற்ற வண்டிகளே 100 வரை செல்லலாம் என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை. புறப்பட்டுச் சுமார் 20 கிலோமீட்டர் சென்றதும் வண்டியை நிறுத்தி வார்களை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். பின்சுவரில் சைக்கிள் ஏற்றினால் வண்டியின் விளக்குகளும் எண் பலகையும் மறையாமல் இருக்க வேண்டும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் சாய்கோடுகளாக மாறிவரும் 50 சென்டிமீட்டர் சதுரப் பலகையை மாட்டுவது சட்டம்.

ஐரோப்பாவில் பலர் இலையுதிர் காலத்தின் முடிவில் வண்டியை மூடிவைத்து, வசந்தத்தில் மறுபடியும் எடுக்கிறார்கள். மூடிவைக்குமுன் தாங்கியைக் கழுவி உலர்த்தி, வார்களைக் கழற்றி நிழலில் வைப்பதும், வசந்தத்தில் எடுக்கும்போது ஈரத்தை அளந்து, பசையையும் நட்டுகளையும் ரிவெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் என இரண்டு வேளைப் பணிகளை ஒழுங்காகச் செய்பவருக்கு இத்தாங்கி நெடுங்காலம் உழைக்கும். இதில் மிச்சமாகும் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் ஓர் ஆணி தளர்ந்தால் அதன் பலனை வீட்டுக்காரர் மட்டுமே அனுபவிப்பார். நெடும்பாதையில் வண்டியின் பின்னே தளர்ந்த ஒரு போல்ட்டின் பலனையோ, பின்னால் மோட்டார் சைக்கிளிலோ காரிலோ வந்துகொண்டிருக்கும், நாம் முகமறியாத ஒருவர் அனுபவிக்க நேரிடும். ஆகையால், சுவர் மெத்தென்று அமுங்குகிற வண்டியிலும், மூட்டில் வெடிப்பு விட்ட தாங்கியிலும், எத்தனை அருமையான விடுமுறையாக இருந்தாலும், பழுதைச் சரிசெய்யும்வரையில் ஒரு சைக்கிளைக்கூட ஏற்றாதீர்கள்.